துவக்கும் அதன் உறையும்

ஆயுதம் தோன்றிய நாளிலேயே அதற்கோர் உறையும் தோன்றிவிட்டது. வாளுக்கு உறை செய்தனர். அம்புக்குத் தூணி செய்தனர். குத்துவாளுக்குத் தோலால் ஒரு கூடு செய்தனர். கூரிய இரும்பை மழையினின்றும் துருவினின்றும் காப்பது உறையின் ஒரு பயன். அருகில் இருப்போரை அவ்விரும்பினின்றும் காப்பது அதனினும் பெரிய பயன். உறையிலிட்ட வாள், இங்கே ஆயுதம் உண்டு, ஆனால் அது இப்போது உறங்குகிறது என்று கண்டோர்க்கு அறிவிக்கின்றது. இது நேர்மையான உறை. வேறொரு வகை உறையும் உண்டு. இங்கே ஆயுதமே இல்லை என்று அது பொய் சொல்லும். முன்னது காவல், பின்னது வேடம். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு நாட்டின் சட்டத்தையும், மக்கள் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட நம்பிக்கையையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதற்கு ஊவா மலைநாட்டின் நானூறு ஆண்டு வரலாறு நல்லதொரு சான்றாகும்.

தமிழ் மக்கள் இவ்வேறுபாட்டை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். வணங்கும் கைகளுக்குள்ளும் படைக்கலம் பதுங்கியிருக்கக்கூடும் என்று திருவள்ளுவர் கூடாநட்பைப் பற்றிய அதிகாரத்திலே எச்சரித்தார். சேக்கிழார் பெரியபுராணத்திலே மெய்ப்பொருள் நாயனாரின் வரலாற்றைப் பாடினார். திருக்கோவலூரில் இருந்து ஆண்ட அம்மன்னரைப் போர்க்களத்தில் வெல்ல இயலாத முத்தநாதன் என்பவன், திருநீறு பூசிச் சடைமுடி தாங்கிச் சிவனடியார் வேடம் புனைந்தான். கையிலே ஓர் ஏட்டுச் சுவடிக் கட்டினை எடுத்துக்கொண்டான். அச்சுவடிக் கட்டினுள்ளே ஒரு கத்தி இருந்தது. அரண்மனைக் காவலர் எவரும் அதனைச் சோதிக்கவில்லை. அடியார் கொண்டுவரும் ஏட்டினைச் சோதிப்பது முறையன்று என்பது அக்காலத்து ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தையே முத்தநாதன் தன் உறையாக்கிக்கொண்டான். மன்னர் பணிந்து வணங்கியபோது சுவடி அவிழ்ந்தது, கத்தி வெளிப்பட்டது. ஆயுதத்தை மறைப்பவன் பொருளொன்றினுள் மட்டும் மறைப்பதில்லை, பிறர் தன்மேல் வைத்த நம்பிக்கையினுள்ளும் மறைக்கிறான் என்பதை இக்கதை காட்டுகிறது.

இனி ஊவாவிற்கு வருவோம். பதுளை நகரின் தென்கிழக்கே, 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்பது நமுனுகுல மலை. ஒன்பது முடிகளை உடைய மலை என்பது அப்பெயரின் பொருள் என்பர். அதன் சரிவுகளிலே இன்று தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. ஒருபுறம் பதுளைப் பள்ளத்தாக்கு. மறுபுறம் பசறையைக் கடந்து இறங்கினால் வெல்லஸ்ஸ என்னும் தாழ்நிலம். தெற்கே எல்லக் கணவாயின் வழியே இறங்கினால் வெல்லவாய. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் செல்வோர் அனைவரும் இம்மலையின் நிழலிலேயே நடந்தாக வேண்டும். படைகளும் அவ்வாறே நடந்தன.

இலங்கைத் தமிழர் 'துவக்கு' என்று வழங்கும் சொல்லும், தமிழகத்தார் 'துப்பாக்கி' என்று வழங்கும் சொல்லும் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழிவந்தவை. சிங்கள மக்கள் அதனைத் 'துவக்குவ' என்பர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே போர்த்துக்கேயர் இத்தீவை அடைந்த பின்னர், கரையோரத்திலும் மலைநாட்டிலும் துவக்கு பரவியது. அக்காலத்துத் துவக்கு திரியினால் இயங்குவது. மெல்லக் கனன்றுகொண்டிருக்கும் நூல்திரி ஒன்றினைப் பொறியிலே பொருத்தி, விசையை இழுத்தால் அத்திரி சென்று மருந்துத் தட்டிலே படும், மருந்து பற்றும், குண்டு பாயும். ஆகவே அதனை ஏந்திச் செல்பவன் குழாயை மட்டுமன்றி, எரியும் திரியையும் உலர்ந்த மருந்தையும் காக்க வேண்டும். இவற்றுள் ஒன்று நனைந்தாலும் அவன் கையில் இருப்பது ஒரு கனத்த தடியே. துவக்கின் உறை என்பது ஆதியிலே மழைக்கு எதிராகப் பிறந்ததாகும்.

அவ்வுறையின் அருமையை ஊவா 1630ஆம் ஆண்டிலே உலகிற்குக் காட்டியது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா த நொறோஞ்ஞா அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே பெரும்படையுடன் ஊவாவினுள் புகுந்தார். பதுளை நகரைக் கொள்ளையிட்டு எரித்தபின், வெல்லவாயவை அண்டிய ரந்தெனிவெல என்னும் இடத்தை அடைந்தபோது, அவர் படையிலிருந்த உள்நாட்டு வீரராகிய லஸ்கரின்கள் கண்டி அரசின் பக்கம் சேர்ந்துகொண்டனர். அது வறண்ட காற்று வீசும் பருவம். எனினும் அன்று பெருமழை கொட்டியது. திரிகள் அவிந்தன, மருந்து நனைந்தது. ஐரோப்பாவின் துவக்குகள் அனைத்தும் வாயடைத்து நிற்க, ஊவாவின் வில்லாளர் எய்த அம்புகள் மழையிலும் தவறாமல் பாய்ந்தன. தளபதி களத்திலே மாண்டார். அவர் படையும் அழிந்தது. இலங்கையிலே போர்த்துக்கேயரின் வலிமை சரியத் தொடங்கியமைக்கு இப்போரை ஒரு திருப்பமாக வரலாற்றாசிரியர் கொள்வர். தோல்விக்கு முதற்காரணம் லஸ்கரின்களின் விலகலே. ஆயினும் நனைந்த திரிக்கும் அதிற் பங்கு உண்டு.

கண்டி இராச்சியத்தின் கொல்லர் துவக்குத் தொழிலைக் கற்றுத் தமக்கென ஒரு மரபையே வளர்த்தனர். அவர்கள் செய்த துவக்குகளிலே விசைப்பொறி இடப்புறத்தில் அமைந்திருப்பது தனிச் சிறப்பு. பிற நாடுகளில் அது பெரும்பாலும் வலப்புறத்தில் இருக்கும். மரக்கட்டையிலே தந்தமும் வெள்ளியும் பதித்து, கொடிகளும் பூக்களும் செதுக்கினர். கொடித்துவக்கு என்னும் சிறு பீரங்கியொன்றும் அவர்களிடம் இருந்தது. ஒரு மனிதன் தூக்கிக்கொண்டு மலையேறக் கூடிய அளவினது அது. முன்புறத்திலே கால்கள் பொருத்தி நிலத்தில் நிறுத்திச் சுடுவர். வண்டி செல்லாத மலைப்பாதைகளுக்கு ஏற்ற படைக்கலம் அதுவே. மகாதுவக்கு எனப்படும் நீண்ட குழாய்த் துவக்குகளும் இருந்தன. 1765ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற பொருள்களுள் இரண்டு மகாதுவக்குகளும், பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த பீரங்கி ஒன்றும் அடங்கும். அவை அம்ஸ்டர்டாம் நகரத்து அரும்பொருட்சாலையில் நெடுங்காலம் இருந்து, 2023ஆம் ஆண்டிலே இலங்கைக்கு மீண்டும் வந்து சேர்ந்தன.

இத்தகைய துவக்குகள் மறைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, காட்டுவதற்காகவே செய்யப்பட்டவை. அரசனுடைய ஊர்வலத்திலும் திசாவையின் பவனியிலும் அவை ஆளுயரம் மிதந்து சென்றன. ஏந்தியவன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்பது பார்த்தோர் யாவர்க்கும் விளங்கும். அக்காலத்தே துவக்கு ஒரு பதவியின் அடையாளம். அதனை வெளிப்படையாகத் தாங்குவதே நேர்மையெனக் கருதப்பட்டது.

அந்த நேர்மையின் உச்சத்தை 1818ஆம் ஆண்டின் ஊவாக் கிளர்ச்சியிலே காண்கிறோம். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய மூன்று ஆண்டுகளுக்குள் ஊவாவும் வெல்லஸ்ஸவும் கிளர்ந்தெழுந்தன. பதுளையிலே இருந்த ஆங்கில அதிகாரி வில்சன் 1817 செப்டெம்பரில் அம்பினால் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்குவதற்கு அரசாங்கம் அனுப்பியவருள் ஒருவர் கெப்பெட்டிபொல திசாவை. அவர் கிளர்ச்சியாளருடன் சேர்ந்துகொள்ளத் தீர்மானித்தபோது, அரசாங்கம் தமக்குக் கொடுத்திருந்த ஆயுதங்களையும் மருந்தையும் திருப்பி அனுப்பிவிட்டார் என்பது வரலாற்று மரபு. ஒருவர் நம்பிக் கொடுத்த ஆயுதத்தைக் கொண்டே அவருக்கு எதிராகப் போரிடுவது தகாது என்பது அவர் கருத்து. முத்தநாதனின் சுவடிக் கட்டினையும் கெப்பெட்டிபொலவின் இச்செயலையும் அருகருகே வைத்து நோக்கினால், உறையைப் பற்றிய இவ்வாராய்ச்சியின் இரு கரைகளும் தெளிவாகும். 1818 நவம்பர் 26ஆம் நாள் கெப்பெட்டிபொல கண்டியிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். கிளர்ச்சி அடங்கிய ஊவாவிலே ஊரார் கையிலிருந்த துவக்குகளை அரசாங்கம் பறித்தது. அதுமுதல் துவக்கை வெளியே காட்டும் உரிமை ஆள்வோருக்கு உரியதாயிற்று; ஊரானிடம் எஞ்சிய துவக்கு கூரைக்குள் ஒளிந்தது.

அடுத்த தலைமுறையிலே ஊவாவின் பாதைகளில் வெளிப்படையாகச் சென்ற துவக்குகள் வெள்ளையருடையவை. பதுளை மாவட்டத்தை நிருவகித்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்று எமர்சன் டெனென்ற் தம் இலங்கை நூலிலே எழுதியுள்ளார். இத்தனை யானைகளின் துதிக்கைகளுக்கும் தந்தங்களுக்கும் தப்பிய அம்மனிதர், 1845 ஜூன் 7ஆம் நாள் ஹப்புத்தளை விடுதியின் வெளித்திண்ணையிலே நின்றபோது மின்னல் தாக்கி இறந்தார். பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்ததாகும். அவருக்குப்பின் நுவரெலியாவிலே குடியேறிய சாமுவேல் பேக்கர், நைல் நதியின் மூலத்தைத் தேடிப் பின்னாளில் புகழ்பெற்றவர், ஊவாவின் தாழ்நிலங்களிலும் வேட்டையாடினார். அவர் எழுத்துகளிலே குறிப்பிடும் துவக்கு ஒன்றின் நிறை 21 இறாத்தல். அதாவது ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோகிராம்.

இருபத்தோரு இறாத்தல் நிறையுள்ள இரும்பை மலையிலும் காட்டிலும் நாள் முழுதும் சுமந்தவர் யார்? வேட்டைத்துரை அல்லர். துவக்குத் தூக்கிகள் எனப்பட்ட சிங்களரும் தமிழருமே அவற்றைச் சுமந்தனர். அன்றைய துவக்கு ஒரு முறை சுட்டால் மீண்டும் குழாயின் வாய்வழியே மருந்திட்டுக் குண்டிட்டு இடிக்க வேண்டும். யானை அதற்குக் காத்திராது. எனவே துரை ஒன்றைச் சுட்டதும் அடுத்ததைக் கையிலே கொடுக்க ஆள் வேண்டும். தூக்கி என்பவன் ஓடக்கூடாது, நடுங்கக்கூடாது, நிறைத்த துவக்கைத் தோளில் தாங்கியவாறு துரையின் முழங்கைக்கு எட்டும் தொலைவிலே நிற்க வேண்டும். சுடும் உரிமை அவனுக்கு இல்லை. யானை துரையைத் தவறவிட்டால் அடுத்து அகப்படுபவன் அவனே. வேட்டை நூல்களிலே துரைமாரின் பெயர்கள் அட்டையில் இருக்கின்றன. துவக்கைத் தாங்கியவர்களுள் பலருடைய பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே துவக்கின் அமைப்பு மாறியது. பிரான்சு நாட்டவர் லெபோஷே வகுத்த, நடுவே மடங்கித் திறக்கும் துவக்கு 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியிலே வைக்கப்பட்டது. அதனைப் பார்த்த ஆங்கிலத் தொழிலாளர் அம்முறையை மேலும் சீர்திருத்தினர். இவ்வகையிலே குழாயையும் கட்டையையும் எளிதில் வேறாகக் கழற்றலாம். ஆளுயரப் பொருள் இரு துண்டுகளாகி, ஒரு கைப்பெட்டியிலே அடங்கலாயிற்று. அதனையொட்டிப் பெட்டி செய்யும் தொழிலும் வளர்ந்தது. கருவாலிப் பலகையாலான பெட்டியின்மேல் தடித்த தோல், மூலைகளிலே பித்தளை, உள்ளே கம்பளித்துணி பதித்த அறைகள். ஓர் அறையிலே குழாய், மற்றொன்றிலே கட்டை, சிற்றறைகளிலே எண்ணெய்க்குப்பியும் துடைக்கும் கோலும். நடந்து செல்வோர்க்கு இலேசான தோலுறையும் இருந்தது. ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகி ஆட்டுத்தொடையின் வடிவாயிருந்தமையால் ஆங்கிலேயர் அதனை அப்பெயராலேயே அழைத்தனர். 1823இல் சார்ள்ஸ் மாக்கின்டோஷ் காப்புரிமை பெற்ற, இறப்பர் பூசிய துணி மழைக்கு நல்ல மறைப்பாயிற்று. ரந்தெனிவெலவிலே திரிகளை அவித்த அதே மழைக்கு இருநூறு ஆண்டுகளின் பின்னர் மனிதன் கண்ட விடை அது.

அக்காலத்திலே ஊவா மலைச்சரிவுகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1869இல் இலங்கையில் முதன்முதல் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தமிழகத்திலிருந்து கங்காணிமாரின் தலைமையிலே வந்த மக்கள் காட்டை வெட்டினர்; பாதை அமைத்தனர்; லயங்களிலே வாழ்ந்தனர். புகையிரதம் நானுஓயாவை 1885இலும், ஹப்புத்தளையை 1893இலும், பதுளையை 1924இலுமே அடைந்தது. அதுவரை துரையின் பெட்டிகள் மாட்டுவண்டியிலும், வண்டி செல்லாத இடத்தில் தொழிலாளியின் தலையிலும் ஏறியே பங்களாவை அடைந்தன. மதுப்போத்தல், மருந்து, புத்தகம், துவக்குப் பெட்டி ஆகிய யாவும் அவ்வாறே சென்றன. துவக்குப் பெட்டியின் வடிவமும், அதன்மேற் பொறித்த பெயரும், பித்தளைப் பூட்டும் உள்ளே இருப்பது இன்னதென்பதைத் தெளிவாகவே கூறின. அது மறைப்பதற்கான பெட்டி அன்று. தலையிலே சுமந்தவனும் அறிவான். வழியிலே கண்டவனும் அறிவான். 1900ஆம் ஆண்டிலே இலங்கைத் தோட்டத்துரைமாரின் துவக்குப் படை நிறுவப்பட்டது. 1949இல் அது கலைக்கப்படும் வரை, தோட்ட நிருவாகமும் படைக்கலமும் ஒரே வர்க்கத்தார் கையிலே இருந்தன. பங்களாவின் முன்மண்டபத்திலே தொங்கிய துவக்கு ஒருமுறையேனும் சுடப்படாவிடினும், தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

ஆள்வோர் மட்டும் வெளிப்படையாகத் தாங்கலாம், ஆளப்படுவோர் தாங்கலாகாது என்னும் விதி இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவிலே 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது, ஐரோப்பியருக்கோ விலக்களித்தது. அந்நிலையிலே, அமெரிக்கராகிய ஜோன் பிரவுனிங் வகுத்துப் பெல்ஜியத்திலே செய்யப்பட்ட கைத்துப்பாக்கி உலகச் சந்தைக்கு வந்தது. உள்ளங்கைக்குச் சற்றே பெரிதான அதற்குத் தனியுறை தேவைப்படவில்லை. எந்தப் பெட்டியும் அதற்கு உறையாயிற்று. 1909ஆம் ஆண்டிலே இலண்டன் இந்தியா இல்லத்திலே சமையற்காரராய் இருந்த சதுர்புஜ் அமீன் என்பவர், அடிப்பலகை இரட்டையாக அமைந்த பெட்டி ஒன்றிலே இருபது பிரவுனிங் துப்பாக்கிகளைப் பம்பாய்க்குக் கொண்டு சென்றார். அனுப்பியவர் விநாயக் தாமோதர் சாவர்க்கர். அவ்வாண்டு டிசெம்பர் 21ஆம் நாள் நாசிக் நகரத்து நாடக அரங்கிலே கலெக்டர் ஜாக்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட துப்பாக்கியிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து அனுப்பியவருக்கும் விசாரணை நீண்டது. பெட்டியைச் சுமந்த அமீனே அரசுத் தரப்புச் சாட்சியானார். சாவர்க்கர் 1911 ஜனவரியிலே இரண்டாம் ஆயுள் தண்டனை பெற்று அந்தமான் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

அதே ஆண்டு ஜூன் 17ஆம் நாள் தமிழ்நாட்டிலே மணியாச்சிப் புகைவண்டி நிலையத்திலே, திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் கையிலிருந்ததும் பெல்ஜிய நாட்டுப் பிரவுனிங் துப்பாக்கியே. இலண்டனிலிருந்து தப்பிப் புதுச்சேரியை அடைந்திருந்த வ.வே.சு. ஐயரின் தொடர்பு அவருக்கு இருந்தது. விடுதலை வேட்கையால் உந்தப்பட்டோரின் செயல்களை எடைபோடுவது இங்கே நோக்கமன்று. உறையின் வரலாற்றிலே இவை குறிக்கும் மாற்றமே நோக்கத்தக்கது. வெளிப்படையாகத் தாங்கும் உரிமையை ஒரு சாரார்க்கு மட்டும் கொடுத்த சட்டம், மற்றொரு சாராரை இரட்டையடிப் பெட்டிக்குத் தள்ளியது. இரட்டையடிப் பெட்டி பிறந்ததும், துறைமுகத்திலும் புகைவண்டி நிலையத்திலும் இறங்கிய ஒவ்வோர் இந்தியனின் பெட்டியும் சந்தேகத்துக்கு உரியதாயிற்று.

இலங்கையிலே 1915ஆம் ஆண்டின் கலவரத்தை அடுத்து, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பிரித்தானியா தன் சொந்த நாட்டிலே விரிவான சுடுகலன் சட்டத்தை 1920இலேயே கொண்டுவந்தது என்பதை நோக்கினால், குடியேற்ற நாடுகளைப் பற்றி ஆள்வோர் கொண்டிருந்த அச்சம் புலனாகும். உரிமம் பெற்றவரே துவக்கு வைத்திருக்கலாம் என்ற விதி இதன் உயிர்நிலை. கிளர்ச்சியின் பின்னர் ஊவாவிலே கூரைக்குள் ஒளிந்த துவக்கு, இச்சட்டத்தின் கண்ணிலே குற்றப்பொருளாயிற்று.

1940ஆம் ஆண்டிலே வெளிப்படையான துவக்கும் வெறுங்கையும் நேருக்கு நேர் நின்றன. அவ்வாண்டு ஜனவரி 10ஆம் நாள் ஹேவாஹெட்டைப் பகுதியிலே முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரின் குண்டுக்கு இரையானார். வேலைநிறுத்த அலை தெற்கு நோக்கிப் பரவி ஊவாவை அடைந்தது. பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்திலே தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அங்கே ஒழுங்கை நிலைநாட்டச் சென்ற ஆயுதந்தாங்கிய பொலிஸ் குழுவினரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்தனர். மே மாதம் 12ஆம் நாள் பதுளையிலே கூடிய பெருங்கூட்டத்தில் கலாநிதி என். எம். பெரேரா பேசினார். பின்னர் கடுமையான அடக்குமுறையினாலும், ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்த பெருவெள்ளத்தினாலும் அப்போராட்டம் தணிந்தது. நூறாண்டுகளாகத் துரையின் துவக்கைத் தலையிலே சுமந்த மக்கள், துவக்கு ஏந்தி வந்தோரைத் தம் எண்ணிக்கையினாலும் ஒற்றுமையினாலும் நிறுத்தினர் என்பதே வேவெஸ்ஸவின் சிறப்பு. அவர்கள் பையிலே எதனையும் மறைத்துக்கொண்டு சென்றவர் அல்லர்.

அதன்பின் வந்த காலம் மறைவான ஆயுதங்களின் காலம். 1971 ஏப்ரல் 5ஆம் நாள் அதிகாலையிலே வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது; நாடெங்கும் திட்டமிடப்பட்ட எழுச்சியின் முதலடி குறித்த நேரத்துக்கு முன்னரே அங்கே விழுந்தது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1983 ஜூலைக் கலவரம் பதுளையையும் எரித்தது. அதனைத் தொடர்ந்த போர் 2009 மே மாதத்திலேயே முடிவுற்றது. அவ்விடைப்பட்ட காலத்திலே ஆயுதமும் வெடிமருந்தும் பயணப் பையிலும் பொதியிலும் சரக்கு மூட்டையிலும் மறைந்து சென்றன. 2008 ஜனவரி 16ஆம் நாள் ஊவாவின் புத்தலப் பகுதியிலே பயணிகள் பஸ் ஒன்று தாக்கப்பட்டுப் பொதுமக்கள் மாண்டனர். சோதனைச் சாவடிகள் பாதைகளின் இயல்பாயின.

அச்சாவடிகளிலே நின்றவர் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பதுளையிலிருந்து கொழும்புக்கு வேலை தேடிச் சென்ற தோட்டத்து இளைஞனின் பையிலே இரண்டு உடுப்பும், தாய் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொதியும், ஓர் அடையாள அட்டையுமே இருக்கும். பஸ்ஸை நிறுத்தி அனைவரையும் இறக்குவர். பையைத் திறந்து காட்ட வேண்டும். உடுப்பை உதற வேண்டும். பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். பெயர் தமிழ்ப் பெயராயின் கேள்விகள் மேலும் நீளும். யாரோ சிலர் எங்கோ ஒரு பையிலே மறைத்த ஆயுதத்துக்காக, ஒன்றும் மறைக்காத இலட்சக்கணக்கானோர் தம் பைகளைத் திறந்தனர். சோதிக்காமல் விட்டால் உயிர்கள் போகும். சோதித்தால் மானம் போகும். மறைவான ஆயுதம் ஒரு சமூகத்துக்கு விளைக்கும் தீங்குகளுள் வெடிப்பதை அனைவரும் காண்பர். வெடிக்காமலே விளைக்கும் தீங்கு ஒன்றும் உண்டு. ஒருவன் பையை மற்றொருவன் நம்பாத நிலையே அது.

இன்று நமுனுகுலவின் அடிவாரத்திலும் மொனராகலை மாவட்டத்துச் சேனைகளிலும் காட்டுப்பன்றியும் யானையும் பயிரை அழிக்கின்றன. பயிர்க் காவலுக்கென உரிமம் பெற்ற துவக்குகள் விவசாயிகளிடம் உள்ளன. உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமம் இல்லாத நாட்டுத்துவக்குகளும், விலங்கின் வழியிலே கயிறு கட்டி வைக்கும் கட்டுத்துவக்குகளும் இன்னும் ஒழியவில்லை. கட்டுத்துவக்குக்கு விலங்கென்றும் மனிதனென்றும் வேறுபாடு தெரியாது. விறகுக்குச் சென்றவரும் தேன் எடுக்கச் சென்றவரும் அதனாற் காலிழந்ததுண்டு, உயிரிழந்ததும் உண்டு. புதர்தான் அதன் உறை. மறைவிலே இருக்கும் ஆயுதங்களுள் ஏந்துவாரே இல்லாத இதுவே கொடியது. 1996ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சட்டவிரோதச் சுடுகலன்களுக்கான தண்டனையைப் பெரிதும் கூட்டிற்று. ஆயினும் தண்டனை மட்டும் புதரைத் துப்புரவாக்கிவிடாது.

அப்படியாயின் துவக்கை எடுத்துச் செல்வதற்கு ஏற்ற உறை எது? குண்டு நீக்கிய துவக்கை மூடிய உறையிலே இட்டு, குண்டுகளை வேறாக வைத்து, உரிமச் சீட்டை உடன்கொண்டு செல்வது பொறுப்புள்ளோர் பல நாடுகளிலும் கைக்கொள்ளும் வழக்கம். பாதையிலே விளையாடும் குழந்தையும், பஸ்ஸிலே அருகமரும் மூதாட்டியும் அதனைக் கண்டு அஞ்சாதிருக்கவே அவ்வுறை. அது துவக்கைக் கண்ணுக்கு மறைக்கிறது, சட்டத்துக்கு மறைக்கவில்லை. கேட்பவர்க்குத் திறந்து காட்டக்கூடிய உறையே காவலாகும். கேட்டவுடன் பொய் சொல்ல வேண்டிய உறை, தோலினாலானதாயினும் துணியினாலானதாயினும், முத்தநாதனின் சுவடிக் கட்டே.

ரந்தெனிவெலவின் நனைந்த திரி முதல், கெப்பெட்டிபொல திருப்பி அனுப்பிய ஆயுதங்கள், பேக்கரின் இருபத்தோரு இறாத்தல் துவக்கு, துரையின் பித்தளைப் பூட்டுப் பெட்டி, சோதனைச் சாவடியிலே திறக்கப்பட்ட ஏழையின் பை வரை ஊவா மக்கள் இவை யாவற்றையும் கண்டனர். பலவற்றைத் தம் தலையிலேயே சுமந்தனர். சட்டம் யாவர்க்கும் ஒன்றாயிருந்து, அச்சட்டத்தை யாவரும் மதிக்கும் நாட்டிலே ஆயுதத்தை மறைக்க வேண்டியவர் தொகை குறையும். அப்பொழுது பதுளையிலே பஸ் ஏறும் பயணி தன் பையை மடியிலே வைத்துக்கொண்டு அமைதியாக உறங்கலாம். மலைநாட்டு மக்கள் நெடுங்காலமாக வேண்டி நிற்பது அந்த அமைதியையே.